தன்னை அறிவிக்காத குறைகள்: ஓர் ஆய்வாளரின் கணினித் தெரிவு

ஆய்வு மாணவர்கள் சிலர் சில மாதங்களாக ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டுவருகின்றனர். களத்தில் எடுத்த ஒளிப்படங்களைத் திருத்தவும் இரவில் சிறிது நேரம் விளையாடவும் ஒரே மேசைக்கணினி போதுமா, போதுமெனில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்பதே அக்கேள்வி. தனித்தனியே விடை எழுதுவதினும் ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் எனத் தோன்றியது.

முதலில் பணம். 2023 ஜனவரி முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் ரூ.37,000, முதுநிலை ஆய்வாளருக்கு ரூ.42,000. அத்தொகை மாதந்தோறும் வந்து சேர்வதில்லை என்பதை இதைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. 2024இல் கணினி வாங்கியபோது இரண்டு மாத உதவித்தொகையை, அதாவது ரூ.84,000ஐ, எல்லையாக வகுத்துக்கொண்டேன். பாகங்களின் மீதான 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

அடுத்து வேலை. நான் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு விஜயநகரக் காலச் சுவரோவியங்களை ஆய்கிறேன். லேபாட்சி வீரபத்திரர் கோயிலின் மேற்கூரை ஓவியங்கள் அவற்றுள் முதன்மையானவை. 16ஆம் நூற்றாண்டில், அச்சுததேவராயர் காலத்தில், விருபண்ணா, வீரண்ணா என்னும் சகோதரர்களால் எழுப்பப்பட்ட கோயில் அது. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. ஓவியங்களோ தலைக்கு மேலே நீண்டு செல்பவை. பகுதி பகுதியாகப் படமெடுத்துப் பின்னர் இணைக்க வேண்டியிருக்கிறது. 24 மெகாபிக்சல் படம் ஒன்று, வண்ணத்திற்கு 16 பிட் வீதம் விரிக்கப்படும்போது 144 எம்பி இடத்தைக் கொள்ளும். அத்தகைய இருபது படங்களை இணைத்தால் ஏறத்தாழ 2.9 ஜிபி. திருத்தத்திற்கான அடுக்குகளைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

செகந்திராபாத்தின் செனாய் டிரேட் சென்டரில் எந்தக் கடையில் ஏறினாலும் முதற்கேள்வி ஒன்றுதான்: “கேமிங் பிசியா, ஆபீஸ் பிசியா?” முன்னது என்றால் தொகையில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் முதலியன எஞ்சியதில் ஒடுங்கும். விளையாட்டுக்கு மட்டும் வாங்குவோருக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆய்வாளர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியோ வேறு: இந்தப் பாகம் குறையுள்ளதாக இருந்தால் அது எனக்குத் தெரியவருமா?

கிராபிக்ஸ் கார்டு மெதுவாக இயங்கினால் விளையாட்டு தடுக்கித் தடுக்கி ஓடும். செயலி போதாதெனில் படத்தொகுப்பை ஏற்றுமதி செய்ய நெடுநேரம் காத்திருப்போம். இக்குறைகள் தம்மைத் தாமே அறிவிப்பவை; இழப்பது நேரம் மட்டுமே. வேறு சில பாகங்களின் குறையோ ஓசையின்றி ஆய்வேட்டுக்குள் புகுந்துவிடும். குறைந்த தொகையை வைத்திருப்பவர் முதலில் இந்த இரண்டாம் வகைக்கே செலவிட வேண்டும் என்பது என் துணிபு.

அவ்வகையில் முதலிடம் மானிட்டருக்கு. மானிட்டர் நீலம் மிகுந்ததாக இருந்தால், அதை ஈடுசெய்ய நாம் அறியாமலே படத்தில் மஞ்சளைக் கூட்டுவோம். திரையில் சரியாகத் தோன்றும் அப்படம், கோப்பில் பழுப்பேறியிருக்கும். காவிச் சிவப்பும் மஞ்சட் காவியும் அருகருகே மங்கிக் கிடக்கும் ஓர் ஓவியத்தில் இப்பிழை வெறும் அழகியல் குறையன்று, சான்றையே மாற்றிவிடுகிறது. பிரகாசத்திலும் இதே ஆபத்து. கடையில் கண்ணைப் பறிக்கும் 300 கேண்டெலா ஒளியில் திருத்தப்பட்ட படம், அச்சில் இருண்டு வருவதை ஆய்வேட்டைக் கட்டமைத்து வாங்கிய பலரும் கண்டிருப்பார்கள். அறையின் ஒளியைப் பொறுத்து 80 முதல் 120 கேண்டெலா வரை வைத்துத் திருத்துவதே முறை.

ஆகவே ஐபிஎஸ் திரை, எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியை முழுமையாகக் காட்டும் திறன், அவ்வண்ணவெளிக்குள் திரையை நிறுத்தும் தனி அமைப்பு ஆகிய மூன்றையும் பார்த்தேன். 27 அங்குலம், 2560×1440 புள்ளிகள். இங்கு விளையாட்டு குறுக்கே வருகிறது. இத்திரையில் ஏறத்தாழ 37 இலட்சம் புள்ளிகள். 1920×1080 திரையில் ஏறத்தாழ 21 இலட்சமே. கிராபிக்ஸ் கார்டின் சுமை அந்த அளவிற்குக் கூடுகிறது. ஆயினும் விளையாட்டில் நிழலின் தரத்தைக் குறைக்கலாம், புள்ளிகளைக் குறைத்து வரைந்து பெரிதாக்கிக் காட்டச் செய்யலாம். படத்திருத்தத்தில் அத்தகைய சலுகை கிடையாது. இன்று 144 ஹெர்ட்ஸ் வேகமுடைய ஐபிஎஸ் திரைகள் பரவலாகிவிட்டமையால் விளையாடுவோர் பெரிதாக எதையும் இழப்பதுமில்லை. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: இருளில் ஒளிந்திருக்கும் எதிரியைக் காட்டுவதற்காக நிழற்பகுதியை வெளுக்கச் செய்யும் அமைப்புகள் கேமிங் மானிட்டர்களில் உண்டு. படத்தைத் திறக்குமுன் அவற்றை அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ். பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 65 வாட் வகுப்புச் செயலியும் 170 வாட் கிராபிக்ஸ் கார்டும் கொண்ட கணினிக்கு நல்ல 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்திறனைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுளைப் பற்றியோ, மின்னழுத்தம் எகிறும்போது அது காக்குமா என்பதைப் பற்றியோ ஒன்றும் சொல்வதில்லை. தரமற்ற எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது மதர்போர்டையும் வட்டையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். கோடையில் அறைவெப்பம் 40 பாகையைத் தொடும் ஊர்களில் இது கற்பனை அச்சமன்று. குறைந்தது ஐந்தாண்டு உத்தரவாதம் உடையதையே தேர்க. ஒரு யுபிஎஸ்ஸும் தேவை. சேமிப்பின் நடுவே மின்சாரம் போவதும் கோப்பைக் கெடுக்கும்.

மூன்றாவது, ரேம். விளையாட்டு வேகத்திற்காக எக்ஸ்போ, எக்ஸ்எம்பி என்னும் அமைப்புகளை முடுக்கிவிடுவது வழக்கம். அவ்வேகத்தில் நினைவகம் எப்போதாவது ஒரு பிட்டைத் தவறவிட்டால் விளையாட்டில் ஒரு கணம் ஏதோ மின்னி மறையும், அவ்வளவே. அதே தவறு, கோப்பு எழுதப்படும்போது நேர்ந்தால் படத்தில் நிலைத்துவிடும். எனவே கணினியைப் பூட்டிய அன்றிரவே மெம்டெஸ்ட்86 சோதனையை ஓடவிட்டேன். பிழையின்றி முடிந்த பிறகே படங்களை ஏற்றினேன். என் வேலைக்கு 32 ஜிபி தேவை. ஆனால் 2025இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. இப்போது வாங்குவோர் 16 ஜிபி கொண்ட ஒற்றைத் துண்டுடன் தொடங்கிப் பின்னர் இணையைச் சேர்க்கலாம். அதுவரை விளையாட்டின் வேகம் குறையும். ஆனால் அது தெரியும் குறை.

நான்காவது, சேமிப்பு. என்விஎம்இ எஸ்எஸ்டி 1 டிபி போதும். நொடிக்கு 3,500 எம்பி படிப்பதற்கும் 7,000 எம்பி படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வேலையில் உணர்வது அரிது. அங்கு மிச்சமாகும் பணத்தில் இரண்டு வன்தட்டுகள் வாங்கலாம். மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேற்றிடத்தில் என்பது ஒளிப்படக் கலைஞரிடையே நிலைத்த நெறி. என் இரண்டாம் வன்தட்டு விடுதி அறையில் இல்லை. துறை அலமாரியில் இருக்கிறது. மேற்கூரையிலிருந்து அடுத்த மழைக்காலத்தில் ஒரு துண்டு சுண்ணச்சாந்து உதிர்ந்தால், அந்தப் படத்தை எவராலும் மீண்டும் எடுக்க இயலாது.

இவற்றுக்குப் பின்னரே செயலியும் கிராபிக்ஸ் கார்டும். ஏஎம்5 மதர்போர்டு, ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 7600. பின்னாளில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள அந்தப் பொருத்துவாய் இடமளிக்கிறது. செயலிக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் பகுதி இருப்பது எனக்கு முதன்மையான காரணம். பெயரின் இறுதியில் ‘எஃப்’ என முடியும் செயலிகளில் அது இராது. விலை சற்றுக் குறைவு, ஆனால் தனிக் கார்டு இல்லாமல் திரையே எழாது. என் ரூ.84,000க்குள் கார்டு அடங்கவில்லை. ஆகவே கார்டு இல்லாமலே கணினியைப் பூட்டினேன்.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. லைட்ரூமில் இரைச்சலை நீக்கும் வசதி ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் எடுத்தது. இரவில் வரிசையிட்டுவிட்டு உறங்கச் சென்றேன். விளையாட்டுக்குப் பழைய சிவிலைசேஷன் 5 துணையிருந்தது. நிலுவைத் தொகை வந்தபோது 12 ஜிபி நினைவகமுடைய ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன். 8 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 விளையாட்டில் அதைவிட வேகமானது. ஆனால் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து தூண் சிற்பத்தின் முப்பரிமாண உருவை ஆக்கும்போது நினைவகம் உதவும். இங்கு இருபக்கக் குறைகளும் கண்ணுக்குத் தெரிபவையே. எனவே எதைத் தெரிவு செய்தாலும் பெருங்கேடில்லை.

விளையாட்டைப் பற்றி ஒரு சொல். ஆய்வு மாணவர் விளையாடுகிறார் என்றாலே நெறியாளர் அறையில் ஒரு மௌனம் நிலவும். அதனால் பலர் “படத்திருத்தத்திற்காக” என்று மட்டும் சொல்லிக் கார்டு வாங்குகிறார்கள். அம்மறைப்புக்குத் தேவையில்லை. 2012இல் பட அடையாளத் துறையைப் புரட்டிப்போட்ட அலெக்ஸ்நெட், தலா 3 ஜிபி நினைவகமுடைய இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கேமிங் கார்டுகளில் பயிற்றுவிக்கப்பட்டது. விளையாடுவோர் இலட்சக்கணக்கில் வாங்கியதால்தான் அத்தகைய கணிப்பாற்றல் மாணவருக்கும் எட்டும் விலைக்கு வந்தது. பகலெல்லாம் மங்கிய சிவப்பை உற்றுநோக்கிய கண்ணுக்கும் மனத்திற்கும் ஒரு மணிநேர விளையாட்டு இளைப்பாறலே.

நிறைவாக, துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையின் வண்ணத்தை அளந்து சீர்செய்யும் கலரிமீட்டர் கருவியைத் தனி மாணவர் வாங்குவது வீண்செலவு. மாதத்தில் கால்மணி நேரமே அதற்கு வேலை. துறைக்கு ஒன்று வாங்கி நூலகத்தில் வைத்தால் முப்பது மாணவர்களின் திரைகள் ஒரே சிவப்பைக் காட்டும். படச்சான்றின் மீது எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு அது மிகச் சிறிய விலை.