கொசு உரைக்கும் சான்று

யானைக்கால் என்னும் பெயர் பொருத்தமானதே. எனினும் இரக்கமற்ற பெயர். யானை நம் நாட்டுத் திருவிழாக்களில் பெருமையோடு நடப்பது. அதன் காலை ஒத்த கால் வாய்த்தவரோ வீதியிற் செல்லவும் நாணுவர்.

எம் ஆச்சி அத்தகையவர். கும்பகோணத்திற் பிறந்து, மணமுடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்தவர். ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு யாவர்க்கும் முன்னே சென்று கடைசி வரிசையில் அமர்வார்; யாவரும் சென்ற பின்னரே எழுவார். அவர் சிறுமியாயிருந்த காலத்தே, இரவிற் குருதி எடுக்கும் பணியாளர் விளக்கோடு அவர்தம் தெருவிற்கு வந்தனராம். "பெண்ணுக்கு நோயென்று ஊரறிந்தால் எவன் கட்டுவான்?" என்று அவர் தந்தையார் கதவைத் தாழிட்டுவிட்டாராம். டை எத்தில் கார்பமசைன் என்னும் மருந்து அன்றே இருந்தது என்பதை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு பொறுப்பதில்லை.

அவர்கள் இரவில் வந்ததற்குக் காரணம் உண்டு. நிணநீர்க் குழாய்களில் தங்கும் புழுக்கள் ஈனும் நுண்புழுக்கள், பகலில் நுரையீரலின் குருதிக்குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு 10 மணி முதல் 2 மணி வரை புறக்குருதியில் மிகுதியாக உலாவும். இரவிற் கடிக்கும் கியூலெக்ஸ் கொசுவின் வழக்கத்தோடு இவ்வொழுங்கு பொருந்தியிருத்தல் வியப்பன்றோ! 1877-இல் சீனத்து அமோய் நகரில் இப்புழு கொசுவின் உடலில் வளர்தலைப் பாட்ரிக் மான்சன் கண்டார். அவரது தூண்டுதலாலேயே ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றிற் கண்டறிந்தார்.

இக்காலத்தே, துயில்வாரை எழுப்பாமல் கொசுவையே சான்றாக அழைக்கும் முறை வந்துளது. புதுச்சேரியில் 1975-இல் நிறுவப்பெற்ற நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் கடலூர் மாவட்டத்தில் இதனை ஆய்ந்து பார்த்தனர். முட்டையிட வரும் கொசுக்களை நாற்றநீர்ப் பொறியிற் பிடித்து, இருபது இருபத்தைந்தாகச் சேர்த்து அரைத்து, மரபணுப் பொருளைப் பிரிப்பர். அதிற் புழுவின் மரபணு சிறிதளவே இருப்பினும் 'பாலிமரேஸ் தொடர்வினை' அதனைப் பெருக்கிக் காட்டிவிடும். (தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் வினையென்றதும் முற்றோ எச்சமோ என்று கேட்கப் புகுந்தோம்!) வெப்பத்தால் இழை இரண்டும் பிரியும், குளிர்ந்தபின் ஒவ்வோரிழைக்கும் புதுத்துணை இழை உருவாகும், ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய், 30 சுற்றில் நூறு கோடிக்கு மேலாகும். வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் நொதி, வெப்பத்திற் கெடாது நின்று இதனைச் செய்கின்றது. 1983-இல் இம்முறையைக் கண்ட கேரி மல்லிஸ் 1993-இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும் இச்சான்றை மிகையாகக் கொள்ளலாகாது. நோயுள்ளார் ஒருவரை அக்கொசு கடித்தது என்பதே அதன் பொருள்; பிறர்க்கு நோய் தரும் பருவத்தைப் புழு அடைந்துவிட்டது என்பதன்று. மருந்து வழங்கி முடிந்த ஊரில் எச்சம் உண்டோ என ஐயுறுமிடத்தே இதன் பயன் பெரிது.

தாமிரபரணியினின்று பிரியும் பாளையங்கால்வாய் எம் நகரினூடே செல்கின்றது. ஓடும் நீரிலன்று, கழிவு கலந்து தேங்கும் நீரிலேயே கியூலெக்ஸ் பெருகும். நோயுள்ள ஊரினின்று குடிபெயர்வோர் எங்கும் உளர். எம் ஆச்சியும் அவ்வாறு வந்தவரே. ஆதலின் இங்கும் அவ்வப்போது பொறி வைத்துப் பார்த்தல் வேண்டுமென்பது எம் கருத்து. செலவு மிகுதியென்பார்க்கு, ஆச்சியின் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் எம் தந்தையார் எழுதிவைத்துள்ள கணக்கேட்டைக் காட்டுவோம்.

வீங்கிய காலை எச்சோதனையும் வற்றச் செய்யாது. நாடோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமறத் துடைத்து, உயர்த்தி வைத்தலே மருத்துவர் கூறுவது. அவ்வேலை எமக்கும் எம் தங்கைக்கும் நாள்மாறி நாள் வரும். தங்கையின் கை மெத்தென்றிருக்கிறதென்று ஆச்சி அவளையே விரும்புவார்.