பண்ணைக்காட்டு மலைவாழை: கன்றோடு வரும் நோய்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் பாதி வழியில் பிரிந்து உள்ளே போனால் பண்ணைக்காடு. சாலையின் இருபுறமும் காப்பி, நிழலுக்குச் சில்வர் ஓக்கும் முள்முருங்கையும், அவற்றில் ஏறிய மிளகு, இடையிடையே வாழை. காப்பிப் பணம் வருடத்துக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும். மற்ற மாதங்களில் மளிகைக்கடைக் கணக்கைத் தீர்ப்பது சந்தைக்கு இறங்கும் வாழைத்தார்.

விருப்பாட்சி, சிறுமலை என்ற இரண்டு ரகங்களைத்தான் இங்கே மலைவாழை என்கிறார்கள். பழநி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது விருப்பாட்சி. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் கீழ்ப்பழநி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, 1970களுக்குப் பிறகு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. காரணம் முடிக்கொத்து நோய். பூச்சியைப் பழி சொல்வது சுலபம்; நோய் ஊர் விட்டு ஊர் போனது பெரும்பாலும் மனிதர் கையில் இருந்த கன்றோடுதான்.

இது வைரஸ் நோய். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அடுத்தடுத்த இலைகள் குட்டையாக, விறைத்து, நுனியில் கொத்தாக நிற்கும். தார் வராது. தோட்டத்துக்குள் பரப்புவது மட்டை இடுக்கில் ஒண்டியிருக்கும் கரும்பழுப்பு அசுவினி. ஒரு மரத்துக்கு வந்தால் அதன் கிழங்கிலிருந்து வரும் பக்கக்கன்றுகளையும் நம்ப முடியாது. அறிகுறி தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதுதான் பெரிய தொல்லை. சம்பந்தி வீட்டில் ஆசையாகக் கொடுத்த ஈட்டிக்கன்று பார்க்க அழகாக இருக்கும். நோயும் உள்ளே இருக்கும்.

பிஜித் தீவில் 1880களிலேயே பார்த்த நோய் இது. ஆஸ்திரேலியாவில் 1920களில் வாழைத் தொழிலையே படுக்க வைத்தது. அங்கே மேகி என்ற ஆராய்ச்சியாளர் அசுவினிதான் பரப்புகிறது என்று நிரூபித்த பிறகு, கன்று கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடும், நோயுற்ற மரத்தைக் கட்டாயமாக அழிக்கும் சட்டமும் வந்து தொழில் மீண்டது.

நம் பக்கம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நுனித்திசுவிலிருந்து வைரஸ் இல்லாத மலைவாழைக் கன்றுகளை உருவாக்கியது. திசு வளர்ப்பு என்றாலே சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஊடகத்தை 121 டிகிரியில் நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, வடிகட்டிய காற்றில் கன்றைப் பிரித்தாலும் சில புட்டிகளில் பூஞ்சணம் வரும். அது நல்லதே, கண்ணில் பட்டதும் தூக்கி எறிந்துவிடலாம். வைரஸ் அப்படியல்ல. புட்டி பளிச்சென்று இருக்கும், கன்று செழிப்பாக இருக்கும். தாய்க்கிழங்கு ஒன்று தவறினால் ஆயிரக்கணக்கான கன்றுகளும் தவறும். ஆகவே தாய்மரத்தையே முதலில் சோதிக்க வேண்டும். இதற்காக மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. கன்று வாங்கும்போது அந்தச் சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆய்வகத்தைத் தாண்டிய பிறகும் ஆபத்து உண்டு. நிழல்வலைக் குடிலில் பைக்கன்றாக இருக்கும் மாதங்களில் அசுவினி நுழைந்தால் அதுவரை செய்த செலவு வீண். நிழல்வலை வெயிலைத்தான் தடுக்கும். பூச்சிக்குத் தனியாக நெருக்கமான வலையும் இரட்டைக் கதவும் வேண்டும். குடிலைச் சுற்றிப் பழைய வாழைக்குத்து எதுவும் நிற்கக் கூடாது. பண்ணைக்காட்டில் இதுதான் கஷ்டம், ஏனென்றால் காப்பிக்குள் கவனிப்பாரற்ற வாழை எங்கும் நிற்கும்.

தோட்டத்தில் நோய் மரம் கண்டால் உடனே அரிவாளை எடுக்கக் கூடாது. வெட்டியதும் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் பரிந்துரைத்த மருந்தைத் தெளித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். அதன்பின் பக்கக்கன்றுகளோடு குத்து முழுவதையும் கிழங்குத் துண்டுகூட மிச்சமில்லாமல் தோண்டி, துண்டாக்கி அழிக்க வேண்டும். ஒரு துண்டு தங்கினாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரத்தில் செய்தால்தான் பலன்.