மார்கழிக்கு ஒரு கோளாறு, சித்திரைக்கு ஒரு கோளாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு, சின்ன விமானங்களின் என்ஜின் பற்றி. பயந்துவிட வேண்டாம். சோக் இழுத்து வண்டியைக் கிளப்பிய அனுபவம் இருந்தால் போதும், எல்லாம் விளங்கும்.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ்.6 விதி வந்ததும் நம் சேலம், நாமக்கல் பட்டறைகளில் ஒரு சாமான் விடைபெறத் தொடங்கியது. அதுதான் கார்புரேட்டர். ஸ்பிளெண்டர், எக்ஸ்எல் என்று பெரும்பாலான வண்டிகள் எஃப்.ஐ.க்கு மாறின. ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதி அடைப்பெடுப்பது, ஸ்க்ரூவைக் கால் திருகு திருகிக் காது கொடுத்துக் கேட்பது என்று கைப்பழக்கத்தில் ஓடிய வேலை குறைந்து, ஸ்கேனரை மாட்டிப் பார்க்கும் வேலை வந்தது.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவர் திருச்செங்கோடு பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். விமானியாக வேண்டும் என்கிறாள். பயிற்சிக்கு ஏறக்குறைய அரைக் கோடி ஆகும். இருக்கிற ஒன்றரை ஏக்கர் காட்டை அடமானம் வைத்தால்தான் கட்ட முடியும். பயிற்சிப் பள்ளிகளை விசாரிக்கப் போன இடத்தில் ஒரு பள்ளியின் விமானங்களில் கார்புரேட்டர் இருப்பதைக் கண்டிருக்கிறார். நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், அந்தச் சாமானை நாங்க பழைய இரும்புக்குப் போட்டு வருசக்கணக்காச்சுங்க. அதை வெச்சுக்கிட்டு வானத்துல பறக்கறாங்கன்னா, புள்ளைய எப்படிங்க சார் நம்பி அனுப்பறது?"

காட்டைப் பணயம் வைக்கிற தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் பலர் இந்தப் பக்கம் வருவார்கள். 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்காக ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் நம் காமலாபுரமும் ஒன்று. மற்றவை பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர்.

உலகம் முழுக்கப் பயிற்சிக்கு அதிகம் பயன்படுபவை செஸ்னா 152, செஸ்னா 172 போன்ற விமானங்கள். 152 முழுக்கவே கார்புரேட்டர். 172-இன் உற்பத்தி 1986-இல் நின்றது. 1996-இல் மறுபடி தொடங்கியபோது இன்ஜெக்‌ஷன் என்ஜினோடு வந்தது. என்ஜின் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'ஓ-320' என்றால் கார்புரேட்டர். 'ஐஓ-360' என்று முன்னால் ஒரு 'ஐ' இருந்தால் இன்ஜெக்‌ஷன். பழைய விமானங்கள் நல்ல பராமரிப்பில் நாற்பது ஆண்டு தாண்டியும் பறக்கின்றன. அதனால்தான் இரண்டும் ஒரே ஓடுதளத்தில் நிற்கின்றன.

சரி, கார்புரேட்டரில் என்ன ஆபத்து? விமானத்தில் அதன் பெரிய எதிரி பனிக்கட்டி. ஆம், நம் வெயில் ஊரிலும்தான்.

இதை அவருக்குப் புரியவைக்க அதிக நேரம் ஆகவில்லை. "கையில பெட்ரோல் பட்டா எப்படி இருக்கும்?" என்றேன். "சில்லுனு இருக்குங்க" என்றார். ஆவியாகிற எதுவும் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வேகமாக ஆவியாகிறது. போதாததற்கு, குறுகலான வெஞ்சுரி வழியே பாயும்போது காற்றின் அழுத்தம் குறைந்து அதுவும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூடச் சட்டென்று இறங்கலாம். வெளியே 20 டிகிரி என்றால் உள்ளே உறைநிலைக்கும் கீழே. காற்றில் ஈரம் இருந்தால் அது த்ராட்டில் தகட்டில் பனிக்கட்டியாக ஒட்டத் தொடங்கும்.

கேட்டதும் அவர் முகம் மாறியது. "மழைநாள்ல வண்டி ஓடி நின்னதும் கார்புரேட்டர் மேல தண்ணி முத்து முத்தா வேர்த்து நிக்குமுங்க சார். அதுதானா இது?" அதேதான்.

அமெரிக்காவின் ஃபெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் விமானிகளுக்காக வெளியிட்டுள்ள கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வெப்பம் 21 டிகிரிக்குக் கீழும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்போது இந்த ஆபத்து மிக அதிகம் என்கிறது அது. 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்திலும் நடக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. மார்கழி விடியலில் ஓமலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: 20 டிகிரி குளிர், மேட்டூர் நீர்த்தேக்கம் பக்கத்தில், வயல் மேல் மூடுபனி. கையேடு சொல்லும் நிலைமை அப்படியே இருக்கும்.

வரும் விதம்தான் மோசம். சத்தம் போட்டுக்கொண்டு வராது. த்ராட்டிலைத் தொடாமலே என்ஜின் சுற்று 50, 100 என்று மெல்லக் குறையும். கவனிக்காத விமானி கொஞ்சம் த்ராட்டில் கூட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். தரையிறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைத்துக்கொண்டு வரும்போது இடைவெளி இன்னும் சிறிதாகி, அடைப்பு சீக்கிரம் விழும்.

மருந்து ஒரே ஒரு குமிழ். 'கார்ப் ஹீட்' என்பார்கள். அதை இழுத்தால், புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் போய்ப் பனியை உருக்கும். ஆனால் உருகிய தண்ணீர் என்ஜினுக்குள்தானே போயாக வேண்டும்? அதனால் இழுத்தவுடன் என்ஜின் முன்னைவிட மோசமாக உதறும், இருமும். பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிட்டால் கதை கெட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால் சத்தம் சீராகும், சுற்று ஏறும். மருந்து குடித்ததும் முதலில் குமட்டும், பிறகுதான் குணம் தெரியும் என்பது போல. தரையில் நிற்கும்போது இதை அதிக நேரம் இழுத்து வைக்கவும் கூடாது. அந்தக் காற்று வடிகட்டியில் நுழையாமல் வருவதால் புழுதி உள்ளே போகும்.

இத்தனை தொல்லை தெரிந்தும் ஏன் விடவில்லை? எளிமைதான் காரணம். செஸ்னாவில் பெட்ரோல் டேங்க் இறக்கையில், தலைக்கு மேலே இருக்கிறது. கார்புரேட்டர் 172-இல் பம்ப்பே இல்லை. தொட்டித் தண்ணீர் குழாய்க்கு இறங்குவது போல எரிபொருள் தானாக இறங்கும். பிளக்குக்கு மின்பொறி தருவது மேக்னெட்டோ. பேட்டரி முழுக்கச் செத்தாலும் என்ஜின் ஓடும். கெட்டுப்போவதற்கு உறுப்புகள் குறைவு.

இன்ஜெக்‌ஷனுக்கு வருவோம். நம் குச்சிக்கிழங்குக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் என்பது வாய்க்கால் பாய்ச்சல். மடைக்குப் பக்கத்தில் இருக்கிற செடிக்கு ஒரு அளவு, கடைசிச் செடிக்கு வேறு அளவு. நான்கு சிலிண்டருக்கும் கலவை ஒரே மாதிரி போகாது. இன்ஜெக்‌ஷன் சொட்டுநீர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி முனை, வேண்டிய அளவு. பெட்ரோல் சிலிண்டர் வாசலில் தெளிக்கப்படுவதால், வழியில் குளிர்ந்து பனி பிடிக்கும் தொல்லை ஏறக்குறைய இல்லை. இந்த 172-இல் இருப்பது நம் பைக்கில் உள்ள கம்ப்யூட்டர் எஃப்.ஐ. அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அது முழுக்க இயந்திர முறையில் வேலை செய்கிறது. உயரம் போகப் போகக் காற்று மெலியும்போது பெட்ரோலைக் குறைக்க, இரண்டு வகையிலும் விமானிதான் சிவப்புக் குமிழை இழுக்க வேண்டும். பழைய ஸ்கூட்டரில் கொல்லிமலை ஏறி, வண்டி இழுக்காமல் பிளக் கறுத்தவர்களுக்கு இந்தக் குமிழின் அருமை புரியும்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு அதன் வம்பும் தெரியும்: முனை அடைப்பு. சின்னத் தூசி போதும். இன்ஜெக்டருக்கும் அதே. இதைவிடப் பெரிய வம்பு நம் சித்திரை வெயிலில். எரிபொருளைப் பிரித்து அனுப்பும் மெல்லிய குழாய்கள் என்ஜினின் உச்சந்தலையில் ஓடுகின்றன. 40 டிகிரி மதியத்தில் பறந்து இறங்கி என்ஜினை நிறுத்தினால், கீழிருக்கும் சூடெல்லாம் மேலே ஏறிக் குழாயில் உள்ள பெட்ரோலை ஆவியாக்கிவிடும். பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் பெட்ரோலுக்குப் பதில் ஆவிதான் வரும். அதற்கென்று தனியாக ஒரு கிளப்பும் முறை உண்டு. அது கைவராத மாணவர்கள் பேட்டரியை இறக்கிவிட்டு ஓடுதளத்தின் ஓரமாய் வியர்த்து நிற்பார்கள். பனிக்கட்டி வானத்தில் படுத்துகிறது, ஆவி பெரும்பாலும் தரையில் படுத்துகிறது. அந்த வகையில் இன்ஜெக்‌ஷன் ஒரு படி மேல்தான்.

கார்புரேட்டரின் இன்னொரு குறையைச் சரிசெய்தது ஒரு பெண் என்பதை அந்தப் பிள்ளைக்காகவே தேடி எடுத்துச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் மெர்லின் என்ஜின், அதில் ஃப்ளோட் வைத்த கார்புரேட்டர். விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் பெட்ரோல் அறையின் மேல்பக்கம் ஏறிக்கொள்ளும். என்ஜின் முதலில் பட்டினி கிடந்து, பிறகு மிதமிஞ்சிக் குடித்து மூச்சு முட்டும். துரத்தி வந்த ஜெர்மன் மெஸர்ஷ்மிட் 109-இல் இன்ஜெக்‌ஷன் இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், பெட்ரோல் வழியில் சிறு துளையுள்ள ஓர் உலோகத் துண்டைப் பொருத்தி வெள்ளத்தைக் கட்டுப்படுத்தினார். 1941-இல் விமானத் தளங்களுக்கே போய் அதைப் பொருத்திக் கொடுத்தார். புதிய என்ஜின் வரும்வரை காத்திருக்க நேரமில்லாத காலத்தில் அந்தச் சின்னத் துண்டுதான் தாங்கியது. பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்து மாட்டியவர் அவர்.

நம் நாட்டிலும் மாற்றம் வந்திருக்கிறது. பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகத்தின் ஹன்சா-3 பயிற்சி விமானத்தில் இருப்பது கார்புரேட்டர் வைத்த ரோட்டாக்ஸ் 914. அதன் புதிய வடிவமான ஹன்சா-என்.ஜி. 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்தது. அதில் இருப்பது டிஜிட்டல் இன்ஜெக்‌ஷன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 வகை. இது நம் பைக் போலக் கம்ப்யூட்டர் எஃப்.ஐ.தான். மின்சாரம் போனால் என்ஜினும் போகும் என்பதால் கட்டுப்பாட்டுச் சுற்று இரண்டு, மின்னாக்கி இரண்டு. அப்படியும் யாரும் கண்ணை மூடி நம்பிவிடவில்லை. 2022 மே 17 அன்று கர்நாடகத்தின் சல்லகெரேயில் 7,000, 8,000 அடி உயரத்தில் என்ஜினை நிறுத்தி, மறுபடி கிளம்புகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். கார்புரேட்டர் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பள்ளியை ஒதுக்க வேண்டாம். இன்ஜெக்‌ஷன் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொன்றில் பணம் கட்டவும் வேண்டாம். என்ஜின் நின்றாலும் விமானம் கல் போல விழாது. செஸ்னா 172 ஆயிரம் அடி உயரத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் போல மிதந்து வரும். பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேட்கச் சொன்னேன். பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டுவார்களா? சொந்தப் பராமரிப்புப் பொறியாளர் இருக்கிறாரா? ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை மணி நேரம் உண்மையில் பறக்கக் கிடைக்கிறது? கார்ப் ஹீட்டை இழுத்ததும் என்ஜின் உதறுவதைக் கூடவே உட்கார்ந்து பழக்கித் தருவார்களா? கடைசிக் கேள்வியை மகளே கேட்கட்டும் என்றேன். பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்றைக்கும் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆவியாதல் பாடம் வரும்போது பானைத் தண்ணீரோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வெப்பமானி எடுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, மின்விசிறிக்கு முன் வைத்து, எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பட்டறையில் ஒரு பழைய கார்புரேட்டர் கிடந்தால் வாங்கி வந்து மேசை மேல் வையுங்கள். பத்து ரூபாய்கூடக் கேட்க மாட்டார்கள்.