விற்றவர்கள் தேடி வரும் பட்டறை

காலை பத்து மணிக்கு முன்னால் போனால் மெக்கானிக் பாயைப் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் அவர் ஏதாவது ஒரு என்ஜினுக்குள் இருப்பார். நாம் என்ன பேசினாலும் ‘உம்’ மட்டும்தான் பதிலாக வரும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை இந்த ஊரில்தான் எழுந்தது. பாய்க்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அங்கே ஃபிட்டராக இருந்தவர். பாய் பழைய புல்லட்டைத் தவிர வேறு வண்டியைத் தொடுவதில்லை.

என்னுடையதும் பழைய புல்லட்தான். வலதுகாலில் கியர், இடதுகாலில் பிரேக், வார்ப்பிரும்பு சிலிண்டர். அடுக்குமாடிக்குக் குடிபோனபோது நிறுத்த இடமில்லை என்று விற்றேன். இன்றும் தெருமுனையில் அந்தத் தடதடப்பு கேட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது. அதேபோல் ஒன்று கிடைக்குமா என்று கேட்கத்தான் போயிருந்தேன்.

“வர்றவங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் கேக்கறாங்க சார். வித்துட்டுத் தூக்கம் வராம வந்து நிக்கறாங்க” என்றார் பாய், எழுந்திருக்காமலே.

அவர் முன்னால் ஒரு கறுப்பு வண்டி பிரிந்து கிடந்தது. யாரோ ஒருவருடைய அப்பா ஓட்டியது. விற்க மனமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போட்டு வருஷக்கணக்காக மூடி வைத்திருக்கிறார்கள். கடற்காற்றுக்குத் தார்ப்பாய் ஒரு பொருட்டா? டேங்கின் உட்புறம் துரு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருந்தது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிக்கர் இம்மியும் இறங்கவில்லை. பிளக் துளை வழியாக மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி ஊறவைத்துத்தான் பிஸ்டனை அசைத்திருக்கிறார். இனி சிலிண்டர் லேத்துக்குப் போய் ரீபோர் ஆக வேண்டும், ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். டேங்குக்குள் நட்டுகளையும் ஜல்லியையும் போட்டு ஒரு பையன் குலுக்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியைப் பாய் கண்ணால் காட்டினார். பெயின்ட் போன இடமெல்லாம் கறை, இரண்டு பக்கமும் பால்கேன் மாட்டும் கொக்கி. “இது அஞ்சாறு கை மாறிடுச்சு. ஆனா ஒரு நாள்கூட நின்னதில்ல. வெறும் டியூனிங்குக்கு வந்திருக்கு. நீங்க வித்ததுக்கு அழறீங்க. விக்காம வெச்சுக் கொன்னவங்கதான் சார் அழணும்.”

அந்த டியூனிங்கைப் பார்க்க வேண்டுமே! டேப்பெட் மூடியைக் கழற்றி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷனில் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ் ராடை இரண்டு விரல்களால் உருட்டுகிறார். தடையில்லாமல் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தை அவருடைய விரல்தான் சொல்கிறது. அடுத்து டைமிங். பிளக் துளையில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுப் பிஸ்டன் ஏறுவதை அளந்துகொண்டு, கான்டாக்ட் பாயின்ட்டுக்கு நடுவே ஒரு துண்டு சிகரெட் தாளைச் செருகுகிறார். என்ஜினை மெல்லத் திருப்பியபடி தாளை லேசாக இழுக்கிறார். பிடி விட்டுத் தாள் எப்போது நழுவுகிறதோ அப்போது பாயின்ட் திறந்துவிட்டது. டைமிங் சற்றே முந்திப்போனால் கிக்கர் ரிட்டன் அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே அதற்கான தழும்புகள் இருக்கின்றன.

இந்த விரல் வேலையைக் கற்க ஆள் வருவதில்லை. வார்ப்பிரும்பு என்ஜின் 2010 வாக்கில் நின்றுபோனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபின் புது புல்லட்டெல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். கருவியைச் செருகினால் கோளாறைத் திரையே சொல்லிவிடும். பையன்கள் கம்பெனி சர்வீஸுக்குப் போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற இடத்துக்குப் போவதில் என்ன தப்பு? குரோமியம் பூசவும் டேங்கில் தங்கக்கோடு போடவும் யோசிக்காமல் பணம் எடுக்கிற வாடிக்கையாளர்கள், டைமிங் வைத்த கூலியில் மட்டும் பேரம் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

எனக்கு வண்டி தேடித் தர பாய் சம்மதிக்கவில்லை. “புதுப்பேட்டையில பழைய சாமான் வாங்கி வெச்சு அதே மாதிரி ஒண்ணு கட்டித் தரலாம். ஓட்டிப் பாத்துட்டு இது அது இல்லம்பீங்க” என்றார். வாக்குவாதம் செய்யத் தோன்றவில்லை. பழைய ஆர்.சி. நகல் இருந்தால் சேசிஸ் நம்பரை வைத்து விசாரிக்கலாம் என்று மட்டும் சொன்னார். என்னிடம் நகல் இல்லை.

வீட்டில் ஓட்டாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். முடியாதென்றால் ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது 29, 30 படிவங்களில் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்தை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் வாங்கும் அபராதம் உங்கள் பெயருக்கு வரும். என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் எழுதி வையுங்கள். வாங்க வருபவர் அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக் அடிக்கிறாரா என்று கவனியுங்கள். அது தெரிந்தவர் என்றால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.