பொய் ஈயும் நீரோட்டமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் சாலை, வெயில் காயும் சமவெளியை விட்டு வளைந்து வளைந்து மேலேறுகின்றது. ஏலத்தோட்டங்களின் நிழலையும் தேயிலைச் சரிவுகளையும் கடந்து சென்றால், இராஜமலை, இரவிகுளம் ஆகிய உயர்ந்த புல்வெளிகள் தோன்றும். அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் என்னும் மீன் வாழ்கின்றது. அடிவாரத்தின் வெப்பமான நீர் அதற்கு ஒவ்வாது. அஃது இந்நாட்டு மீனும் அன்று. ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர் கொணர்ந்து விட்டது.

இம்மீனைப் பிடிப்போர் பலர் மண்புழுவைக் கோப்பதில்லை. சிறிய தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலச் செய்த பொய் ஈயே இரையாகும். அதற்கு எடை இல்லை என்றே கூறலாம். ஆதலின், கனத்த கயிற்றைக் கோலால் வீசுவர். கயிற்றைத் தொடர்ந்து ஈ செல்லும். இரண்டையும் இணைப்பது எளிதில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிழை.

புதிதாகப் பழகுவோன், மீன் வாராதபோது ஈயின்மேல் குறை கூறுவான். கரிய ஈயை நீக்கிப் பழுப்பு ஈயைக் கட்டுவான். அப்போதும் மீன் வாராது. குறை ஈயில் இல்லை. அது மீனிடம் சென்று சேரும் முறையில் உள்ளது.

டிரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் இரைக்காகக் காத்திருக்கும். தனக்கு நேர் பின்னே இருப்பதை அது காணாது. ஆகவே, தேர்ந்தவன் கீழ்ப்புறமிருந்து குனிந்து வருவான். கரையில் அதிர்வு உண்டாகாதபடி அடி வைப்பான். நீரைக் குறிவைத்து வீசாமல், நீருக்குச் சற்று மேலுள்ள வெளியைக் குறிவைப்பான். கயிறு அங்கே நீண்டு, பின்னர் மெல்ல இறங்கும்.

இனி வருவதே அரிய பகுதி. ஓடையின் நடுவே நீர் விரைந்து ஓடும்; ஓரத்தில் மெல்லச் செல்லும். விரைந்த நீர் கயிற்றை வளைத்து இழுக்க, ஈ நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். மெய்யான பூச்சி அவ்வாறு ஓடுமோ? மீன் ஐயுற்று விலகிவிடும். அதனால், தேர்ந்தவன் கயிற்றைச் சற்றுத் தளர்வாக விழச் செய்வான். அதன் வளைவை மேல்நீர்ப் பக்கமாகத் தூக்கி வைப்பான். அப்போது ஈ நீரின் போக்கிலேயே செல்லும்.

இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கும் ஈயைப் பற்றி 1886-இல் நூல் வெளியிட்டார். நீர்மேல் மிதக்கும் ஈயே ஏற்ற முறை என்பது அவர் வழியினர் கொள்கை. ஸ்கூஸ் என்பவரோ, மீன்கள் நீருக்குள்ளும் இளம்பூச்சிகளை உண்பதை உற்றுநோக்கி, ஈயை மூழ்கவிடும் முறையை 1910-இல் ஒரு நூலில் விளக்கினார். நூல்வழக்கைவிட மீனின் வழக்கையே அவர் பெரிதாக மதித்தார்.

முதல் வீச்சு பிழைத்தால், மருண்ட மீன் பாறையடியில் மறையும். அதன் ஓட்டம் கண்டு மற்றவையும் மறையும். பின்னர் எத்தனை முறை வீசினும் அந்த மடு வெறுமையே. ஆதலின், தேர்ந்தவன் ஓடையை அடைந்தவுடன் கோலை ஓங்குவதில்லை. கரையில் அமர்ந்து, நீர் எங்கே விரைகின்றது, மீன் எங்கே எழுகின்றது என்று நெடுநேரம் நோக்குகின்றான். அவனுடைய கைத்திறன் அந்தக் காத்திருத்தலில்தான் தொடங்குகின்றது.