சுவரில் மோதிய கார்

2012 செப்டம்பர் 23 இரவு. காதுகுத்துக்குப் போயிருந்த நான், சிங்கப்பூர் தேக்காவில் தங்கை வீட்டில் மெரினா பே கார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். அவ்வாண்டு அமெரிக்காவில் நாலாவதாக வந்தார். டயர்க் கோளாறால் பலர் விலக, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது. 2012-இல் அவருக்கு வாய்த்ததோ மிக மெதுவான கார்களில் ஒன்று. பாதி ஓட்டத்தில் சுவரில் மோதி நின்றது.

"போச்சே, மாமா!" என்றான் தங்கை மகன்.

"மறுபடி வருவாரு, பாரு" என்றேன். இரண்டே வாரத்தில் ஜப்பானில் ஓட்டினார்.

தோட்டத்திற்குத் திரும்பிய பின், கணக்கில் தவறிப் பள்ளிக்கு வராமல் நின்ற மாணவன் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். மறுநாள் புத்தகப் பையோடு வந்து நின்றான்.