கிணற்றுக்குள் விழுந்த மான்

போன வருஷம் சித்திரை மாதம், காலை ஆறு மணி இருக்கும். நடைப்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அண்ணே, நம்ம கிணத்துக்குள்ள ரெண்டு மான் விழுந்து கெடக்கு. ஒண்ணு நிக்குது. ஒண்ணு அசையக் காணோம். நாய் வெரட்டியிருக்கும் போல."

பேசியது மதகுபட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் தம்பி. அந்த நிலம் என் அப்பச்சி காலத்தில் வாங்கியது. மூன்றே கால் ஏக்கர் செம்மண் புஞ்சை. ஒரு பழைய கிணறு, அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வடக்கே காட்டு இலாகாவின் தைலமரக் காடு. நான் வங்கி வேலையில் ஊர் ஊராகச் சுற்றிய முப்பத்தைந்து வருஷமும் அந்த நிலம் எனக்கு வருஷத்துக்கு நாலு மூட்டைக் கடலையாக மட்டும்தான் தெரியும்.

காரைக்குடியிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் தீயணைப்பு வீரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கயிற்றில் இறங்கி, உயிரோடு இருந்த பெட்டை மானை வலையில் சுற்றி மேலே அனுப்பினார். வலையைப் பிரித்ததும் அது தள்ளாடி நின்று, பிறகு காட்டுப் பக்கம் ஓடியது. இன்னொன்று கழுத்து முறிந்து இறந்திருந்தது. கால்நடை மருத்துவர் வந்து பரிசோதனை செய்த பிறகு வனத்துறையினர் அதைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். காட்டு விலங்கு செத்தாலும் அரசாங்கச் சொத்து. அதன் கொம்பைக்கூட யாரும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

கிணறு என்னுடையது. சுவர் கட்டாமல் விட்டதும் நான்தான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் மகனைப் பார்க்க டெக்சாஸ் போனோம். அங்கே மான்கள் தெருவில் மாடு மாதிரி நடக்கின்றன. வாலின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரியும் இனம். மகனோடு வேலை பார்க்கும் ஒருவரின் தகப்பனாருக்கு ஊருக்கு வெளியே பண்ணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிப்போனார். பேச்சுவாக்கில், தன் நிலத்தை மாநில அரசின் மான் மேலாண்மைத் திட்டத்தில் பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு ஆச்சரியம். கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

விஷயம் இதுதான். டெக்சாஸில் நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. ஆனால் அதில் மேயும் மான் நிலத்துக்காரருடையது அல்ல, மாநில மக்களுடையது. ஓநாய்களை என்றைக்கோ ஒழித்துவிட்டார்கள். அதனால் மான் பெருகி, புதரையெல்லாம் மொட்டையடித்து, கடைசியில் தீனி இல்லாமல் அதுவே மெலிந்து சாகிறது. அதனால் நிலத்துக்காரர் அரசிடம் பதிந்துகொள்கிறார். மான்களைக் கணக்கெடுக்கிறார். நிலத்தைச் சீர்படுத்துகிறார். இந்த வருஷம் இத்தனை மான் சுடலாம் என்று அரசு அத்தனை சீட்டு கொடுக்கிறது. சுட்ட மான் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்ட வேண்டும்.

சுடுவது என்றதும் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அது ஒப்பவில்லை. ஆனால் ஒன்று மனதில் தைத்தது. அந்த மனிதர் தன் நிலத்துக்கு வரும் மானுக்குத் தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் ஒரு கிணற்றுக்குச் சுவர்கூடக் கட்டவில்லை.

ஊர் திரும்பியதும் வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன், நம் நாட்டில் தனி ஆள் தன் நிலத்தை இப்படிப் பதிய முடியுமா என்று. அவர் சட்டப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் நமக்கு அடிப்படை. நம் ஊரில் மானைச் சுட்டால் ஜெயில். ஆனால் 2002இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது 36சி என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். ஊர் மக்களோ தனி ஒருவரோ தாமாக முன்வந்தால், அவர்களுடைய நிலத்தை மாநில அரசு 'கம்யூனிட்டி ரிசர்வ்', அதாவது சமூகக் காப்பகம் என்று அறிவிக்கலாம். தனியார் நிலமானால் அதைக் கவனிக்கும் குழுவில் நிலத்துக்காரர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி இருப்பார்கள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நண்பர் சிரித்தார். "அடுத்த வரியையும் படிங்க. அறிவிச்ச பிறகு நிலத்தோட உபயோகத்தை மாத்தணும்னா குழு தீர்மானம் போடணும், அதுக்கு அரசாங்கம் சம்மதிக்கணும். நாளைக்கு உங்க பேரன் அங்க ஒரு வீடு கட்டணும்னு நெனச்சாக்கூட அவன் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. வீட்ல எல்லாரையும் கேட்டுக்கிட்டு வாங்க."

கேட்டேன். மகன் போனில், "உங்க இஷ்டம்பா, ஆனா பக்கத்துல பிளாட் போடுறாங்கன்னு சொன்னீங்களே" என்றான். தம்பிக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. "அண்ணே, அவசரப்படாதீங்க" என்றான். அவன் மகள் கல்யாணம் அடுத்த வருஷம். அவன் மனதில் ஓடியது எனக்குத் தெரியாமல் இல்லை.

கடைசியாகக் குத்தகைக்காரத் தம்பியிடம் சொன்னேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது அவரைத்தான். வரப்பில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மானு வரட்டும்ணே, நான் வேணாங்கலை. ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு நான்தான் காவல் கெடக்கேன். போன தடவை மூணுல ஒரு பங்கு கடலைச் செடியத் தின்னுட்டுப் போச்சு. ஒரு நாள்கூட நான் கல்லு எறியல. ஆனா நீங்க எழுதிக் குடுத்துட்டா எனக்கு யாரு குடுக்கிறது? அப்பறம், மானு உங்க மூணு ஏக்கர்ல மட்டுமா நிக்கப்போவுது?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பஞ்சாபில் அபோகர் என்று ஒரு சரணாலயம் உண்டு. வெளிமான்களுக்காக 13 பிஷ்னோய் கிராமங்களின் சொந்த வயல்களே அங்கே சரணாலயம். பயிரைத் தின்றாலும் துரத்த மாட்டார்கள். அங்கேயும் முள்கம்பியும் தெருநாயும் மானைக் கொல்கின்றன என்கிறார்கள். ஆனாலும் அது நிற்கிறது என்றால், 13 கிராமமும் சேர்ந்து நிற்பதால்தான். அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே. அந்தக் கண்மாய்கள் 1977இல்தான் சரணாலயம் ஆயின. அரசாங்க உத்தரவில் வெடி போடாதே என்று எழுதலாம். பண்டிகை ராத்திரி சின்னப் பிள்ளையின் கையில் இருக்கும் வெடியை வாங்கி வைப்பது பெற்றவர்கள்தானே!

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கையெழுத்துப் போட நினைத்தது என் மன ஆறுதலுக்காக. அதற்கான செலவு குத்தகைக்காரர் வயிற்றிலும் தம்பி மகள் கல்யாணத்திலும் விழுந்திருக்கும்.

ஆகவே மனுவை எழுதி, கொடுக்காமல், பீரோவில் வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் வேறு சில செய்தோம். முதலில் கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்கு மேல் சுவர். காட்டை ஒட்டிய ஒரு ஏக்கரை உழாமல் விட்டோம். அதற்கான குத்தகையைக் கழித்துவிட்டேன். மிச்ச நிலத்தில் மான் தின்றுபோனது போகத்தான் கணக்கு. ஒரு சிமெண்டுத் தொட்டியும் வைத்தோம். ரோட்டோரம் வைக்கலாம், தண்ணீர் லாரி வர வசதி என்றேன். "வேணாம்ணே, தண்ணிக்காக ரோட்டைத் தாண்டி வந்து வண்டியில அடிபடும்" என்று தம்பி சொல்ல, காட்டுப் பக்கமே வைத்தோம்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். தரிசாக விட்ட ஏக்கரில் ஊர் ஆடுகள்தான் முதலில் மேய்ந்தன. நாய்த் தொல்லை அப்படியே இருக்கிறது. ஆனால் சுவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் கிணற்றுக்கும் கட்டியிருக்கிறார்கள். கூட ஒரு பத்துப் பேர் சேர்ந்து, கல்யாணமும் நல்லபடியாக முடிந்து, தம்பியும் சம்மதித்தால், அன்றைக்கு அந்த மனுவை எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் போவோம். என் காலத்தில் நடக்காவிட்டாலும் மனு பீரோவில் இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் நிலம் இருக்கும், அதில் பாழடைந்த கிணறும் இருக்கும். நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். ஒரு போன் போட்டு, கிணற்றுக்குச் சுவர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மானுக்கு மட்டுமில்லை, மாடு மேய்க்க வரும் பிள்ளைகளுக்கும் அது நல்லது.